ஹாஸ்டலில் முதல் வருடம்: உடம்பைப் பார்த்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பு வரை உங்கள் உடம்பைக் கவனித்துக்கொண்டது பெரும்பாலும் நீங்கள் இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்து "சுடுதே" என்றது அம்மா. "ரெண்டு நாளா சரியாவே சாப்பிடல" என்று கண்டுபிடித்தது பாட்டி. ஹாஸ்டலுக்கு வந்த அன்று முதல் இந்த வேலையைச் செய்ய ஆள் கிடையாது. சாப்பிடவில்லை என்றாலும், மூன்று நாளாகக் காய்ச்சல் என்றாலும், நீங்களாகச் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. முதல் வருடத்தில் உடம்பு கெடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். அந்தக் கவனிப்பை எப்படிக் கையில் எடுத்துக்கொள்வது என்பதுதான் இங்கே விஷயம்.

இது தமிழ்நாட்டில் கல்லூரி விடுதியில் சேர்பவர்களை மனதில் வைத்து எழுதியது. சேர்க்கை, மழைக்காலம், செமஸ்டர் தேர்வு, கோடை என்று வருடம் போகிற போக்கிலேயே படிகளும் போகும். டே ஸ்காலர்கள் மெஸ் பகுதியையும் ஈரத்துணிப் பகுதியையும் தாண்டிப் போகலாம். மற்றதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

படி 1: கிளம்பும் முன், வீட்டில் இருக்கும்போதே

பெட்டி வாங்குவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. சிபிசி என்று சொல்லும் சாதாரணப் பரிசோதனை போதும். அதில் ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்கும் ஆண்களுக்கு 13க்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது இருப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது. மூன்றாவது மாடி ஏறினால் மூச்சு வாங்குவதையும், கிளாஸில் தூங்கி விழுவதையும் "சோம்பேறித்தனம்" என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டிவிடுவார்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஆரம்பித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

அடுத்தது தடுப்பூசி. 16 வயதில் போடும் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். பள்ளியில் போட்டிருப்பார்கள், பலர் அன்று லீவு எடுத்திருப்பார்கள். சின்ன வயதில் அம்மை வராதவர்கள் சிக்கன்பாக்ஸ் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கு வந்தால் குழந்தைகளுக்கு வருவதைவிடக் கடுமையாக இருக்கும், விடுதியில் ஒருவருக்கு வந்தால் ஒரு வரிசை அறைக்கே பரவும். மஞ்சள் காமாலை ஏ வகைக்கும் டைபாய்டுக்கும்கூட ஊசி உண்டு. தனியாரிடம் காசு ஆகும், முடிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம். நர்ஸிங், மருத்துவம், லேப் டெக்னீஷியன் படிக்கப் போகிறவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தவணையும் முடிந்திருக்க வேண்டும்.

ஒரு காகிதத்தில் இவற்றை எழுதி, போனில் படமெடுத்தும் வையுங்கள்: ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, ஏற்கெனவே உள்ள நோய், தினமும் எடுக்கும் மாத்திரையின் பெயரும் அளவும். "வெள்ளை மாத்திரை, சின்னதா இருக்கும்" என்று சொன்னால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதன் நகலும் ஆதார் நகலும் உங்களிடம் இருக்கட்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான திட்டம் அது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு ஊரில் இருக்கும் அட்டையைத் தேட முடியாது.

மருந்து டப்பாவில் அதிகம் வேண்டாம். பாராசிட்டமால், நான்கைந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு தெர்மாமீட்டர், பேண்டேஜ், ஆன்டிசெப்டிக், அலர்ஜிக்கு உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. இவ்வளவுதான். தெர்மாமீட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். "லேசா சுடுற மாதிரி இருக்கு" என்பதற்கும் 102 டிகிரி என்பதற்கும் ரொம்ப தூரம்.

படி 2: முதல் வாரத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேன்டீனும் ஜெராக்ஸ் கடையும் எங்கே என்று முதல் நாளே தெரிந்துவிடும். கல்லூரி மருத்துவ அறை எத்தனை மணி வரை திறந்திருக்கும், டாக்டர் எந்தெந்த நாள் வருவார், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, ராத்திரியில் திறந்திருக்கும் மருத்துவமனை எது? இதெல்லாம் தெரியாமலேயே நான்கு வருடம் முடித்தவர்கள் உண்டு. உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு சாயங்காலம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ராத்திரியில் உடம்பு சரியில்லை என்றால் கேட் திறக்க வார்டனிடம் என்ன நடைமுறை என்பதையும் கேட்டு வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.

அப்புறம், ரூம்மேட். உங்களுக்கு வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை என்று ஏதாவது இருந்தால் அறையில் ஒருவருக்காவது சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆபத்து வந்தால் முதலில் கூட இருக்கப்போவது அவர்தான். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் ஊர்ப் பழக்கம். அதனால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் உள்ள பொருட்களை நகர்த்தி, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் 108. இதை ரூம்மேட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது உங்கள் பொறுப்பு.

குடிதண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது என்பதால் மட்டும் தண்ணீர் சுத்தம் என்று ஆகிவிடாது. ஃபில்டரை எப்போது மாற்றினார்கள், டேங்க்கை எப்போது கழுவினார்கள் என்று மெஸ் கமிட்டியில் கேட்கலாம். கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் முதல் வருட மாணவர்கள் கேட்பதில்லை. உங்கள் தண்ணீர் பாட்டிலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மாதக்கணக்கில் கழுவாத பாட்டிலுக்குள் கையை விட்டால் வழவழவென்று இருக்கும்.

படி 3: மெஸ் சாப்பாடு

மெஸ்ஸைத் திட்டுவது ஹாஸ்டல் வாழ்க்கையின் பொழுதுபோக்கு. அதைத் தடுக்க நான் யார். ஆனால் மெஸ் சாப்பாட்டின் உண்மையான குறை ருசியில் இல்லை, புரதத்தில் இருக்கிறது. சோறு வேண்டிய மட்டும் கிடைக்கும். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் முட்டை, ஒரு நாள் சிக்கன், அதுவும் கணக்காக இரண்டு துண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடை உள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். காலையில் நான்கு இட்லியில் 8 கிராம் போலக் கிடைக்கும். மதியமும் இரவும் சோறு, சாம்பார், மோர், பொரியல் எல்லாம் சேர்த்து இன்னொரு 20, 25 வரலாம். ஆகப் பதினைந்து இருபது கிராம் குறைகிறது. இரண்டு முட்டையில் 12 கிராம். ஒரு கிளாஸ் பாலில் 6. ஒரு பெரிய கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, அதாவது 50 கிராம், இன்னொரு 12. இவற்றில் ஏதாவது இரண்டைத் தினமும் சேர்த்தாலே போதும். பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் அறையில் டப்பாவில் வைத்துக்கொள்ளக் கூடியவை, கெட்டுப்போகாது. ரூம்மேட்கள் காலி செய்துவிடுவார்கள் என்பது மட்டும்தான் பிரச்சினை.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அதிலிருந்து முதலில் முட்டைக்கும் பழத்துக்கும் ஒதுக்கிவிட்டு மீதியை ரீசார்ஜுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் முட்டைக்குக் காசு மிஞ்சாது.

காலைச் சாப்பாட்டை விடுவதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். எட்டரைக்கு எழுந்து, எட்டே முக்காலுக்கு கிளாஸ். பதினொரு மணி பிரேக்கில் கேன்டீன் பஃப்ஸும் டீயும். மதியம் பசி செத்துப்போயிருக்கும், அரைத் தட்டுச் சாப்பாடு. ராத்திரி பத்து மணிக்கு அகோரப் பசி, கேட்டுக்கு வெளியே பரோட்டா அல்லது ஃப்ரைடு ரைஸ். பரோட்டா சாப்பிடக் கூடாது என்று சொல்லமாட்டேன். வாரத்தில் ஒரு நாள் என்றால் அது சந்தோஷம், தினமும் என்றால் அது காலை டிபனுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்த சாப்பாடு. முதல் வருடத்தில் சிலர் பத்துக் கிலோ ஏறுவதும், சிலர் பத்துக் கிலோ இறங்குவதும் இந்தச் சுற்றில் இருந்துதான். பேன்ட் இடுப்பு இறுகுகிறதா, நழுவுகிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை எடையும் பாருங்கள். கொஞ்ச மாதத்தில் காரணமே இல்லாமல் நான்கைந்து கிலோ குறைந்தால், கூடவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இருந்தால், உடனே சளிப் பரிசோதனை. காசநோய் படித்தவர்கள், படிக்காதவர்கள் என்று பார்த்து வருவதில்லை. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இரும்புச்சத்து பற்றி ஒரு சின்ன விஷயம். கீரைப் பொரியல் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், அந்தக் கீரையில் உள்ள இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா கூடச் சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். சீசனில் கல்லூரி வாசலில் உப்புமிளகாய்த்தூள் தூவி விற்கும் கொய்யா இருக்கிறதே, அது உண்மையிலேயே நல்ல சாப்பாடு. கழுவி, புதிதாக வெட்டித் தரச் சொல்லுங்கள்.

கெட்டிலில் முட்டை அவிப்பது, மேகி செய்வது பற்றி: பெரும்பாலான விடுதிகளில் அது விதிமீறல். செய்யத்தான் போகிறீர்கள் என்று தெரியும். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டில், அயர்ன் பாக்ஸ், நான்கு சார்ஜர் எல்லாவற்றையும் மாட்டாதீர்கள். ஈரக் கையோடு தொடாதீர்கள்.

படி 4: தூக்கம்

இந்த வயதில் 7 முதல் 9 மணி நேரம் வேண்டும். நான்கு பேர் அறையில் ஒருவன் ராத்திரி இரண்டு மணிக்கு பப்ஜி, ஒருவன் காலை ஐந்துக்கு அலாரம். ஆறு முறை ஸ்னூஸ் போட்டும் அவன் எழமாட்டான், மற்ற மூன்று பேரும் எழுந்துவிடுவார்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசி லைட் அணைக்கும் நேரம் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். செப்டம்பரில் பேசினால் அது ஏற்பாடு, நவம்பரில் பேசினால் அது சண்டை.

மாலை ஆறு மணிக்குக் குடித்த டீயில் உள்ள கஃபீனில் பாதி ராத்திரி பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் வராதவர்கள் நான்கு மணியோடு டீ, காபியை நிறுத்திப் பாருங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் முழுராத்திரி படிப்பதைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: படித்தது மூளையில் பதிவதே தூக்கத்தில்தான். விடிய விடியப் படித்து எழுதப்போகிறவன் ஐந்து யூனிட்டையும் பார்த்திருப்பான், பதிமூன்று மார்க் கேள்வியில் பாதியில் நிற்பான்.

படி 5: ஈரத் துணியும் அரிப்பும்

ஹாஸ்டலில் யாரும் வெளியில் பேசாத, ஆனால் பலருக்கு வரும் நோய் இது. படர்தாமரை, சிரங்கு இரண்டையும் பற்றி விவரமாகவே சொல்கிறேன்.

படர்தாமரை பூஞ்சையால் வருவது. தொடை இடுக்கு, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களில் வட்டமாக, ஓரம் சிவந்து, அரிக்கும். காயாத ஜட்டி, நாள் முழுக்கப் போட்டிருக்கும் இறுக்கமான ஜீன்ஸ், பகிர்ந்துகொள்ளும் துண்டு இவைதான் காரணம். இதற்கு மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு க்ரீம்" என்று கேட்டு வாங்குவதுதான் பெரிய தப்பு. அங்கே கொடுக்கும் பல க்ரீம்களில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். தடவினதும் அரிப்பு நிற்கும், விட்டதும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும், தோலும் மெலிந்து வரிவரியாகிவிடும். டியூபில் குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். வெறும் பூஞ்சை மருந்து மட்டும் உள்ள க்ரீமை டாக்டர் சொல்லும் நாள் வரை, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம், படர்ந்திருக்கும் இடத்தைத் தாண்டிச் சுற்றிலும் தடவ வேண்டும். அரிப்பு நின்ற மறுநாளே நிறுத்தினால் மறுபடி வரும்.

சிரங்கு வேறு. ஸ்கேபீஸ் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் குடைந்து முட்டையிடுவதால் வருவது. அடையாளம்: ராத்திரியில் அரிப்பு அதிகம், விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் சுற்றி, பிறப்புறுப்பில் சின்னச் சின்னக் கொப்புளம். பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமை ராத்திரி கழுத்திலிருந்து பாதம் வரை, விரல் இடுக்கு, நகத்தடி உட்பட ஒரு இடம் விடாமல் தடவி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. முக்கியமானது இதுதான்: அறையில் உள்ள எல்லாரும், அரிப்பு இல்லாதவர்களும், அதே ராத்திரி தடவ வேண்டும். ஒருவர் மட்டும் தடவினால் அவருக்குச் சரியாகும் நேரத்தில் பக்கத்துப் படுக்கையிலிருந்து திரும்பி வரும். போர்வை, துண்டு, துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் கவரில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். மருந்து வேலை செய்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், பயந்துபோய்த் தினமும் தடவ வேண்டாம்.

மழைக்காலத்தில் கொடியில் துணி காயாது. வாங்கும்போதே ஏழெட்டு ஜட்டியாக வாங்கிவிடுவது உங்கள் முதல் வருடத்தின் மிகச் சிறந்த முதலீடு.

முடி கொட்டுவதைப் பற்றியும் கேட்பீர்கள். எல்லாரும் உப்புத் தண்ணீரைத்தான் குற்றம் சொல்வார்கள். உப்புத் தண்ணீரில் முடி வறண்டு உடையும் என்பது சரி. ஆனால் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் இரண்டு மூன்று மாதம் பின்னால் யோசித்துப் பாருங்கள்: பெரிய காய்ச்சல், பட்டினி டயட், கடும் மன உளைச்சல் ஏதாவது இருந்ததா? அதன் விளைவு அவ்வளவு தாமதமாகத்தான் தலையில் தெரியும். தானாகத் திரும்பி வளரும். ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்த்துவிட்டு எண்ணெய் வாங்கலாம்.

படி 6: அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காய்ச்சல்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் விடுதியில் ஒவ்வொரு அறையிலும் ஒருவர் போர்த்திப் படுத்திருப்பார். இந்தக் காலத்தில் காய்ச்சல் வந்தால் முதல் வேலை, ஆரம்பித்த தேதியையும் நேரத்தையும் எழுதுவது. எந்தப் பரிசோதனையை எப்போது எடுப்பது என்பதெல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான்.

முதல் நாள்: பாராசிட்டமால் 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். நிறையத் தண்ணீர், கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். ஐப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கூடவே கூடாது. டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவைக் கூட்டும். மெடிக்கலில் "ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று கேட்பதை இந்த மூன்று மாதமாவது விட்டுவிடுங்கள். கவரில் போட்டுத் தரும் அந்த நான்கு மாத்திரையில் ஒன்று ஆன்டிபயாடிக்காக இருக்கும், ஒன்று வலி மாத்திரையாக இருக்கும், சில நேரம் ஒன்று ஸ்டீராய்டாகவும் இருக்கும். எது எதுவென்று உங்களுக்கும் தெரியாது, அடுத்துப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது.

இரண்டாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் பயன். அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். பரிசோதனை. கூடவே சிபிசி.

டெங்குவில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்று முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "அப்பாடா, விட்டுடுச்சு" என்று மாணவர்கள் லேபுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆபத்தான கட்டம் ஆரம்பிப்பதே அப்போதுதான். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழக்கூடிய நேரம் அது. காய்ச்சல் இறங்கிய பிறகு கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பு மலம், கை கால் சில்லிடுதல், அளவுக்கு மீறிய அயர்ச்சி, சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. பிளேட்லெட் எண்ணை மட்டும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பயப்படுவதைவிட இந்த அறிகுறிகளைக் கவனிப்பது முக்கியம். நிலவேம்புக் கஷாயம் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணமாகக் கூடாது.

டெங்குக் கொசு பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் வளர்வது. பாத்ரூமில் வாரக்கணக்கில் நிற்கும் பக்கெட் தண்ணீர், மொட்டை மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பா, பழைய கூலர் இவைதான் அதன் வீடு. வாரம் ஒருமுறை கவிழ்த்துவிட்டால் முட்டை கொசுவாக மாறாது.

டெங்கு இல்லை என்றால் அடுத்து எல்லாரும் டைபாய்டு என்பார்கள். ஒரு நாள் காய்ச்சலுக்கு விடால் பரிசோதனை எடுத்து "டைபாய்டு பாசிட்டிவ்" என்று காட்டும் ரிப்போர்ட்டை அப்படியே நம்ப வேண்டாம், அந்தப் பரிசோதனை பல நேரம் தப்பாகக் காட்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர்தான் உறுதியானது. டாக்டரிடம் அதைக் கேட்கலாம், தப்பில்லை.

இன்னொன்று, புதர் மண்டிய வளாகங்களில் இருப்பவர்களுக்கு. உண்ணிக் காய்ச்சல் என்ற ஸ்க்ரப் டைபஸ் தமிழ்நாட்டில் மழை முடிந்து குளிர் வரும் மாதங்களில் நிறைய வருகிறது. புல்லிலும் புதரிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் தெரியாது. காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பின் அடியில் எல்லாம் தேடிப் பாருங்கள், கண்டால் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரைக்கே கேட்கும் நோய். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். மைதானத்தில் புல்லின் மேல் படுத்துக் கதை பேசுகிறவர்கள் ஒரு துண்டாவது விரித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத் தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

படி 7: வயிறு

வயிற்றுப்போக்கில் ஆளை வீழ்த்துவது நீர் வற்றுவதுதான். ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், பாதிப் பாக்கெட்டைக் கிளாஸில் போடுவது தவறு. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. ரத்தம் கலந்து போனாலோ, கூடவே காய்ச்சல் இருந்தாலோ, நிறுத்தும் மாத்திரை எதையும் போடாமல் டாக்டரிடம் போங்கள்.

ஒரே நாளில் நாலைந்து பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு என்றால் அது உங்கள் உடம்புப் பிரச்சினை இல்லை, மெஸ் அல்லது தண்ணீர்ப் பிரச்சினை. பேர்களை எழுதி வார்டனிடம் எழுத்தாகவே கொடுங்கள்.

கண் மஞ்சளாகி, சிறுநீர் கரும்மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே குமட்டினால் காமாலை. ஏ வகை பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகும், கீழாநெல்லிக்கு நல்ல பேர் கிடைத்தது அதனால்தான். ஆனால் எந்த வகை என்று ரத்தம் பார்த்துவிட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால்கூட வேண்டாம். தூக்கக் கலக்கமோ உளறலோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

படி 8: பெண்களுக்கு

கல்லூரிக் கழிவறை அசிங்கமாக இருக்கிறது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது, வந்தாலும் அடக்குவது. சிறுநீர்த் தொற்று அப்படித்தான் வருகிறது. எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு, அடிவயிற்று வலி இருந்தால் பரிசோதனை. கூடவே குளிர்காய்ச்சலும் முதுகு வலியும் இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், அன்றே போங்கள். கழிவறையைச் சுத்தமாக வைக்கச் சொல்லி நாலு பேர் சேர்ந்து மனுக் கொடுப்பதும் மருத்துவம்தான்.

இடம் மாறியதும் ஒன்றிரண்டு மாதம் தேதி தள்ளிப்போவது சகஜம். மூன்று மாதம் வரவேயில்லை, அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது என்றால் காட்ட வேண்டும். எவ்வளவு குறைவாகப் போனாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்றுங்கள். வலிக்கு மெஃபனமிக் ஆசிட் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் எடுக்காதீர்கள். இந்த வயதில் ஹெச்.பி.வி. தடுப்பூசியும் போட்டுக்கொள்ளலாம், கருப்பைவாய்ப் புற்றைத் தடுப்பது அது. எத்தனை தவணை என்று மகப்பேறு டாக்டர் சொல்வார்.

படி 9: மனசு

முதல் சில வாரம் வீட்டு ஞாபகத்தில் அழாதவர்கள் குறைவு, வெளியில் சொல்பவர்கள் இன்னும் குறைவு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பஸ் ஏறிவிட்டால் அது ஆறாது. முதல் மாதத்தில் இரண்டு வார இறுதியாவது விடுதியிலேயே இருந்து பாருங்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இதற்கு மேல் இன்னொரு அடி: பாடம் புரியாமல் போவது. பள்ளியில் முதல் மூன்று இடத்தில் இருந்தவர் முதல் இன்டர்னலில் இருபதுக்கும் கீழே வாங்குவார். அது மூளைக் குறைவு இல்லை, மொழி மாறியதால் வந்த தடுமாற்றம். அதே நிலையில் அந்த வகுப்பிலேயே பத்துப் பேராவது இருப்பார்கள், அவர்களைத் தேடிச் சேர்ந்து படியுங்கள். இரண்டாம் செமஸ்டரில் பெரும்பாலும் பிடி கிடைத்துவிடும்.

இதெல்லாம் சாதாரணக் கஷ்டம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, பேச்சு எல்லாம் மாறிப்போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது வேறு, அதற்கு மருத்துவம் உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் தற்கொலையைத் தடுப்பதற்காகவே ஸ்நேகா அமைப்பு 1986லிருந்து இருக்கிறது, எண் 044-24640050. நண்பன் "செத்துடலாம்னு தோணுது" என்று விளையாட்டாகச் சொன்னாலும் "நிஜமாவே அப்படித் தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள்.

ராகிங் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "அறிமுகம்தானே" என்று ஆரம்பிப்பார்கள். தூங்க விடாதது, அடிப்பது, துணியைக் கழற்றச் சொல்வது எதுவும் அறிமுகம் இல்லை. 1800-180-5522 என்ற எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம்.

படி 10: உடற்பயிற்சியும் பழக்கங்களும்

விடுதியில் சாயங்காலம் வாலிபால், ஷட்டில் எதுவாக இருந்தாலும் இறங்கிவிடுங்கள், ஜிம்மைவிட அது நிலைக்கும். ஜிம் போகிறவர்கள் பயிற்சியாளர் சொல்லும் ஊசி எதையும் போட்டுக்கொள்ளாதீர்கள், அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. பவுடர் வாங்கக் காசிருந்தால் முட்டை வாங்குங்கள்.

கூல் லிப் போல உதட்டுக்குள் வைக்கும் புகையிலையை முதல் வருடத்தில்தான் கையில் கொடுப்பார்கள். "இது வெறும் ஃப்ளேவர்தான்" என்பார்கள். உள்ளே இருப்பது புகையிலை, ஒரு மாதத்தில் அது இல்லாமல் கிளாஸில் உட்கார முடியாது. இ-சிகரெட் 2019லிருந்து இந்தியா முழுக்கத் தடை. மது வாங்கத் தமிழ்நாட்டில் 21 வயது ஆகியிருக்க வேண்டும். இதற்கு மேல் புத்தி சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும்: குடித்து நினைவில்லாமல் கிடக்கும் நண்பனை மல்லாத்திப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், வாந்தி தொண்டையில் அடைத்து உயிர் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கூடவே இருங்கள். எழுப்பினாலும் எழவில்லை என்றால் வார்டனுக்குப் பயப்படாமல் 108 கூப்பிடுங்கள்.

படி 11: பிப்ரவரிக்கு மேல்

வெயில் ஏற ஆரம்பித்ததும் அம்மை வரும். கொப்புளம் கண்ட முதல் 24 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால் வைரஸ் மருந்து நன்றாக வேலை செய்யும். வேப்பிலை வைக்கட்டும், வீட்டு முறைப்படி எல்லாம் செய்யட்டும், மாத்திரையும் எடுக்கட்டும், இரண்டுக்கும் சண்டை இல்லை. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை வகுப்புக்கும் மெஸ்ஸுக்கும் போகக் கூடாது. பஸ்ஸில் ஊருக்குப் போவதும் பரப்புவதுதான், வண்டி வைத்துக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும், அடர் மஞ்சள் என்றால் போதாது. மதிய வெயிலில் கிரிக்கெட் ஆடி, வியர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் நிழலுக்குத் தூக்கிப் போய் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108 கூப்பிட வேண்டும்.

வளாகத்து நாய்கள் எல்லா மாதமும் கடிக்கும். தினமும் பிஸ்கட் போட்ட நாய், குட்டி நாய் என்ற கணக்கெல்லாம் கிடையாது. கடித்தாலோ நகம் கீறினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ரேபீஸ் (வெறிநாய்க்கடி) தடுப்பூசி இலவசம். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள், ரத்தம் வந்த கடி என்றால் கடிவாயில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும். மூன்றாவது ஊசியோடு நின்றுவிடுபவர்கள் நிறைய. 28ஆம் நாள் நீங்கள் செமஸ்டர் லீவில் ஊரில் இருந்தால் அட்டையை எடுத்துப்போய் ஊர் அரசு மருத்துவமனையில் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்.